கொழுந்து காத்திருக்காது: செயற்பாட்டு முகாமைத்துவம், தரம், வழங்கல் சங்கிலி படிக்க எந்தப் புத்தகம், எந்த வரிசையில்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் இந்தப் பாடத்தைப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. உயர்தரத்தில் வர்த்தகம் செய்துவிட்டு கெம்பஸில் முகாமைத்துவம் எடுத்தவர்கள், தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீ மேக்கராகவோ தரத்தைக் கவனிக்கும் வேலையிலோ சேர்ந்தவர்கள், அப்புறம் கரட், லீக்ஸ், கோவா ஏற்றி தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் லொறி விடுகிற குடும்பத்துப் பிள்ளைகள். மூன்று பேரும் இணையத்தில் தேடினால் ஒரே மாதிரிப் பட்டியல்தான் வரும்: கட்டாயம் படிக்க வேண்டிய 50 புத்தகங்கள். அதில் பாதியைப் பட்டியல் போட்டவரே திறந்து பார்த்திருக்கமாட்டார் என்பது என் சந்தேகம்.

50 தேவையே இல்லை. பத்துக்குள் முடித்துக்கொள்ளலாம், அதிலும் சிலவற்றில் நாலைந்து அத்தியாயம் போதும். வரிசைதான் முக்கியம். முதல் நாளே 800 பக்கப் பாடநூலைத் தூக்கினால் மூன்றாவது அத்தியாயத்தில் எதிர்வுகூறல் சூத்திரங்களோடு கதை முடிந்துவிடும்.

பட்டியல்கள் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. இந்தத் துறையின் பெயர்பெற்ற புத்தகங்கள் பெரும்பாலும் காரும் இயந்திரமும் செய்கிற இடங்களில் பிறந்தவை. அங்கே இரும்புத் தகடு கிடங்கில் ஒரு மாதம் கிடந்தாலும் இரும்புத் தகடாகவே கிடக்கும். நம் கொழுந்து பறித்த நிமிஷத்திலிருந்தே மாறத் தொடங்குகிறது, சாக்கில் அமுக்கிக் கட்டினால் நிறுவைக்கு வருவதற்குள் சூடேறிச் சிவந்துவிடும். அங்கே ஓடர் வந்த பிறகு செய்கிறார்கள். இங்கே மழை பெய்தால் கொழுந்து வரும், கொழும்பு ஏலத்தில் விலை விழுந்துவிட்டது என்பதற்காகச் செடி துளிர்ப்பதை நிறுத்தாது. அங்கே ஆயிரம் பாகம் சேர்ந்து ஒரு கார். இங்கே ஒரே கொழுந்து பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் என்று பல தரமாகப் பிரிகிறது, எனக்கு பிஓபிஎஃப் மட்டும் போதும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே எந்தப் புத்தகத்தின் எந்த அத்தியாயத்தைப் படித்தாலும் பென்சிலால் மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: பொருள் கெட்டுப்போனால் இது என்ன ஆகும்? வரத்து நம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்று பலவாகப் பிரிந்தால் என்ன ஆகும்? கீழே வருகிற எல்லாப் படிக்கும் இந்த மூன்றும் பொருந்தும். மரக்கறி ஆட்களுக்கும்தான், கரட்டிலும் பெரிசு, சிறிசு, முறிஞ்சது என்று பிரிகிறதே.

படி 1: புத்தகத்துக்கு முன் ஒரு தாள்

முதலில் ஒரு பொருளின் பின்னாலேயே நடந்து பாருங்கள். தொழிற்சாலையில் இருப்பவர் என்றால், மலையில் நிறுவை நடக்கும் இடத்தில் தொடங்கி லொறி, வாட்டும் தொட்டி, ரோலர், புளிக்க விடும் இடம், டிரையர், சலிப்பு, பொதி செய்தல் வரைக்கும். ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு நேரம் சும்மா காத்திருப்பு என்று இரண்டு எண். வாட்டுதலுக்கு அரை நாளுக்கு மேல் போகும், டிரையருக்குள் சுமார் 20 நிமிஷம்தான். அப்புறம் தூள் கொழும்புக்குப் போய், புரோக்கரின் பட்டியலில் ஏறி, ஏலத்தில் விலைபோகச் சில வாரங்கள். கோட்டை அங்கே வரைக்கும் நீட்டி வரையுங்கள், தொழிற்சாலைக் கேற்றோடு நிறுத்தாதீர்கள்.

மாணவர்களுக்குத் தொழிற்சாலைக்குள் போக அனுமதி கிடைக்காது என்றால் டவுனில் உள்ள பேக்கரி, கராஜ், அச்சகம் எதுவும் சரி. இப்படி வரைவதற்கென்றே மைக் ரோதர், ஜோன் ஷூக் இருவரும் எழுதிய ‘லேர்னிங் டு சீ’ என்ற பயிற்சிப் புத்தகம் உண்டு, அதிலுள்ள குறியீடுகள் அழகானவை. ஆனால் இந்தக் கட்டத்தில் அதை வாங்கத் தேவையில்லை. ஏ4 தாளை ஒட்டிப் பெரிதாக்கி, உங்களுக்குப் புரிகிற மாதிரிப் பெட்டி போட்டால் போதும். இந்தத் தாளைக் கடைசிவரை வைத்திருங்கள், ஒவ்வொரு படியிலும் இதில் ஏதாவது சேர்ப்போம்.

படி 2: நாவலில் தொடங்குங்கள்

எலியாஹு கோல்ட்ராட் எழுதி 1984-இல் வந்த ‘தி கோல்’. இது ஒரு நாவல். அலெக்ஸ் ரோகோ என்ற முகாமையாளரின் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள், சரிப்படுத்த மூன்று மாதம் தவணை. அவர் இடறி விழுந்து கற்றுக்கொள்வதுதான் கதை. ஆங்கிலம் எளிது. உயர்தர ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவரும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிடலாம். குடும்பச் சண்டை வரும் பக்கங்களை வேகமாகப் புரட்டினாலும் நஷ்டமில்லை. சாரணச் சிறுவர்கள் மலையேறும் பகுதியை மட்டும் நிதானமாக வாசியுங்கள், ஹேர்பி என்ற மெதுவான பையன்தான் முழுக் கூட்டத்தின் வேகத்தையும் தீர்மானிக்கிறான் என்பது அங்கேதான் வருகிறது.

அதிலிருந்து எடுக்க வேண்டியது ஐந்து படிகள்: தடங்கலான இடத்தைக் கண்டுபிடி, இருக்கிறதை வைத்தே அதை முழுமையாகப் பயன்படுத்து, மற்ற எல்லாவற்றையும் அதன் வேகத்துக்குக் கட்டுப்படுத்து, அதற்குப் பிறகு மட்டும் காசு போட்டு அதைப் பெரிதாக்கு, திரும்பவும் முதலிலிருந்து பார். இந்த வரிசையில்தான் நம் ஊரில் எல்லோரும் வழுக்குகிறார்கள். தடங்கல் எங்கே என்று பார்ப்பதற்கு முன்னாலேயே புது மெஷின் வாங்கிவிடுவார்கள்.

சரி, இதை நம் தாளில் வையுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் மழைக்குப் பிறகு கொழுந்து குவியும்போது பல தொழிற்சாலைகளில் தடங்கல் வாட்டும் தொட்டிதான். ஒரு நாள் வரத்து 12,000 கிலோ, வாட்ட 14 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் சராசரி 500 கிலோ, ஆகவே எந்த நேரத்திலும் சராசரியாக 7,000 கிலோ தொட்டியில் கிடக்கும். இது ஜோன் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி: உள்ளே கிடக்கும் அளவு என்பது வரும் வேகம் பெருக்கல் தங்கும் நேரம். அப்போ 1,000 கிலோ பிடிக்கிற தொட்டி ஏழு போதுமா? போதாது. கொழுந்து 24 மணித்தியாலமும் சீராகச் சொட்டுவதில்லை, காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை என்று லொறி லொறியாக வந்து இறங்குகிறது. மாலை லொறி வந்து முடிந்த நேரத்தில் அன்றைய 12,000 கிலோவும் வாட்டத்தில் கிடக்கும். சராசரியை நம்பித் திட்டம் போட்டால் மிச்சத்தைத் தடிப்பாகப் பரப்ப வேண்டி வரும், வாட்டம் ஒரே சீராக இராது, கடைசியில் டீ டேஸ்டர் மூக்கைச் சுளிப்பார்.

கோல்ட்ராட்டின் புத்தகத்தில் தடங்கலுக்கு முன்னால் கொஞ்சம் சரக்குக் குவிந்திருப்பது நல்லது, தடங்கல் சும்மா நிற்காது. கொழுந்தில் அந்தக் குவியல் செத்துப்போகும். ஆகவே முன்னால் நடக்கும் வேலையைத் தடங்கலின் வேகத்தோடு கட்டிவைக்கிற கயிற்றை, கோல்ட்ராட் அப்படித்தான் சொல்வார், மலை வரைக்கும் கொண்டுபோய்க் கட்ட வேண்டும்: எந்த மலையை எந்த நாளில் பறிப்பது, எத்தனை பேரைக் காலை வேலை பிரிக்கும் பிரட்டில் பிரிப்பது என்பதைத் தொட்டியின் கொள்ளளவு தீர்மானிக்க வேண்டும். ஆனால் ஒரு வாரச் சுற்றில் வரும் மலையைத் தள்ளிப்போட்டால் கொழுந்து முற்றிவிடும், அதுவும் கெடுதிதான். இரண்டு பக்கமும் இடிக்கிற இந்தப் பிரச்சினைக்குப் புத்தகத்தில் விடை கிடையாது. இதை நீங்களே உட்கார்ந்து கணக்குப் போட்டால், பரீட்சைக்கு வரும் அட்டவணைப்படுத்தல் அத்தியாயம் பிறகு வெண்ணெயாகப் போகும்.

ஒன்று பலவாகப் பிரிகிற தொழிற்சாலைகளைக் கோல்ட்ராட் வழிவந்தவர்கள் வி வகை என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தேடி வாசியுங்கள், தேயிலைக்கு அதுதான் பொருத்தம்.

படி 3: ஒரு பாடநூல், ஒன்றே ஒன்று

இப்போது பாடநூல். நைஜல் ஸ்லாக் குழுவினரின் ‘ஒபரேஷன்ஸ் மெனேஜ்மென்ட்’ அல்லது ஜே ஹைசர், பரி ரென்டர் எழுதிய அதே பெயருள்ள புத்தகம். ஸ்டீவன்சன், ஜேக்கப்ஸ் - சேஸ் என்று இன்னும் இருக்கின்றன, எல்லாமே ஏறக்குறைய ஒரே உள்ளடக்கம். இரண்டு வாங்குவது காசு விரயம்.

எதை எடுப்பது? கணக்குப் போட்டுப் பழக வேண்டும், பரீட்சை இருக்கிறது என்றால் ஹைசர் - ரென்டர். அத்தியாய முடிவில் பயிற்சிகள் ஏராளம், தீர்த்துக்காட்டிய உதாரணங்களும் உண்டு. வேலையில் இருப்பவர், யோசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் என்றால் ஸ்லாக். அவருடைய ஐந்து அளவுகோல்கள், அதாவது தரம், வேகம், நம்பகம், நெகிழ்வு, செலவு என்பவை, எந்தத் தொழிலையும் அரை மணித்தியாலத்தில் அலச உதவும். அவற்றை ஒரு கோவா லொறிக்குப் பொருத்திப் பாருங்கள். நுவரெலியாவிலிருந்து விடியற்காலைச் சந்தைக்குப் போகிற லொறிக்குச் செலவை விட நம்பகம்தான் முதல் என்பது உடனே தெரியும். இரண்டு மணித்தியாலம் பிந்தினால் சந்தையில் விலையே வேறு.

முழுவதும் வாசிக்காதீர்கள். செயன்முறை வடிவமைப்பு, கொள்ளளவு, எதிர்வுகூறல், இருப்பு, அட்டவணைப்படுத்தல், இந்த ஐந்தும் போதும். இருப்பு அத்தியாயத்தில் ஒரு தடவையில் எவ்வளவு வாங்கினால் செலவு குறையும் என்று காட்டும் சிக்கன ஓடர் அளவு என்று ஒரு சூத்திரம் வரும், ஃபோர்ட் ஹாரிஸ் 1913-இல் எழுதியது. உரத்துக்கும் பொதி செய்யும் கடதாசிப் பைக்கும் விறகுக்கும் அதைப் போட்டுப் பார்க்கலாம், கொழுந்துக்குப் போடவே முடியாது. தர அத்தியாயத்தையும் வழங்கல் சங்கிலி அத்தியாயத்தையும் தாண்டிவிடுங்கள், அவற்றுக்குத் தனிப் புத்தகங்கள் வருகின்றன.

ஆங்கிலம் கனமாக இருந்தால், தேசிய கல்வி நிறுவகம் உயர்தர வணிகக் கல்விக்குத் தமிழில் வெளியிட்ட வளநூல்களை இலவசமாக இறக்கலாம். ஆழம் குறைவு, ஆனால் கலைச்சொற்கள் நம் நாட்டு வழக்கில் இருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் மேலாண்மை என்று வருவது நமக்கு முகாமைத்துவம், பரீட்சைத்தாளில் இந்தச் சொல்தான் வரும். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலும் இலங்கையில் வெளிவந்த முகாமைத்துவ நூல்கள் சில கிடைக்கும்.

வாசிப்பதை விடக் கேட்பது சுலபம் என்பவர்களுக்கு இந்தியாவின் என்பிடெல் தளத்தில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசனின் விரிவுரைகள் இருக்கின்றன. ஆங்கிலம்தான், ஆனால் நிதானமாகக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவார். சிக்னல் சரியில்லாத லயத்தில் இருப்பவர்கள் டவுனுக்குப் போகும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தரம். இங்கே அவசரப்படாதீர்கள்

தரம் என்றதும் எல்லோரும் இந்தத் துறையின் பெரிய குருவான டெமிங்கில் தொடங்கச் சொல்வார்கள். நான் டொனால்ட் வீலர் 1993-இல் எழுதிய ‘அன்டர்ஸ்டாண்டிங் வேரியேஷன்’ புத்தகத்தைத்தான் முதலில் கொடுப்பேன். மெல்லியது, கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். அது சொல்வது ஒரே ஒரு விஷயம்: எண்கள் எப்படியும் ஏறி இறங்கும், எந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேட வேண்டும், எதற்குத் தேடக் கூடாது என்று பிரித்துப் பார்.

அவுட்டேர்னை எடுத்துக்கொள்வோம், 100 கிலோ கொழுந்துக்கு எத்தனை கிலோ தூள் என்ற கணக்கு. நம் நாட்டில் 21, 22 அளவில் நிற்கும். ஒரு நாள் 20.9 வந்தால் ஏன் குறைந்தது என்று கேள்வி, மறுநாள் 21.8 வந்தால் யாரும் வாயே திறப்பதில்லை. வீலர் சொல்கிறபடி ஒரு மாத எண்களை எழுதுங்கள். சராசரி 21.5 என்று வைப்போம். அடுத்தடுத்த நாட்களுக்கிடையிலான வித்தியாசங்களின் சராசரி 0.4 என்று வைப்போம். 0.4-ஐ 2.66-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.06. ஆக மேல் எல்லை 22.6, கீழ் எல்லை 20.4. இரண்டுக்கும் நடுவில் வருகிற 20.9-க்காக யாரையும் ஏச வேண்டாம், அது அந்தத் தொழிற்சாலையின் வழக்கமான ஆட்டம். 19.8 வந்தால் ஓடிப்போய்ப் பாருங்கள்: நனைந்த கொழுந்தின் தண்ணீரையும் சேர்த்து நிறுத்தார்களா, தராசு பிழையா, தூள் எங்கேயாவது கொட்டுகிறதா?

இந்த வரைபடத்தின் மூலம் வோல்டர் ஷூஹார்ட். 1924-இல் அவர் போட்ட ஒரு பக்கக் குறிப்பில் தொடங்கி 1931-இல் பெரிய புத்தகமாக வந்தது. அந்த மூலநூலை இப்போது வாசிக்கத் தேவையில்லை, கடினமான எழுத்து.

வீலர் முடிந்த பிறகு டெமிங்கின் ‘அவுட் ஒஃப் த கிரைசிஸ்’ எடுங்கள். 1986-இல் இந்தப் பெயரில் வந்தது. ஒழுங்கில்லாத புத்தகம், சொன்னதையே திரும்பச் சொல்வார், கோபமும் எரிச்சலும் நிறைய. ஆனாலும் அவருடைய 14 அம்சங்கள் இருக்கும் அத்தியாயத்தைத் தவறவிடக் கூடாது. 10-ஆவது அம்சம் சுவரில் ஒட்டும் சுலோகங்களை அகற்றச் சொல்கிறது. எந்தத் தொழிற்சாலைச் சுவரையும் பார்த்துவிட்டு அதை வாசியுங்கள். 11-ஆவது அம்சம் எண்ணிக்கை இலக்கு பற்றியது, அது நமக்கு இன்னும் கிட்ட வருகிறது. ஒரு பேருக்கு இத்தனை கிலோ என்று இலக்கை ஏற்றிக்கொண்டே போனால், கூடையில் இரண்டு இலையும் மொட்டும் இருக்குமா, முற்றின இலையும் தண்டும் இருக்குமா? மலையில் எடுத்த முடிவுக்குத் தொழிற்சாலைக்குள் தரம் தேடிப் பயனில்லை. அந்த இலக்கைப் போட்டவரும், தூளுக்கு விலை கிடைக்கவில்லை என்று டீ மேக்கரைக் கேட்பவரும் பல இடங்களில் ஒரே துரைதான். டெமிங் பயிற்சிகளில் செய்துகாட்டிய சிவப்பு மணி விளையாட்டையும் பாருங்கள்: 20 சதவீதம் சிவப்பு மணி கலந்த பெட்டியில் 50 குழியுள்ள துடுப்பை விட்டு, சிவப்பு வராமல் எடு என்று தொழிலாளியை மிரட்டுவது. எடுப்பவர் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சிவப்பு வரத்தான் செய்யும்.

அடுத்தது கவுரு இஷிகாவா. அவர் பரப்பிய ஏழு எளிய கருவிகளை, மீன்முள் படம், பரேட்டோ, சோதனைத் தாள் முதலியவற்றை, இணையத்தில் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். புள்ளிவிபரத்தில் ஆழமாகப் போக விரும்பினால் டக்ளஸ் மொன்ட்கொமரியின் ‘இன்ட்ரொடக்ஷன் டு ஸ்டடிஸ்டிகல் குவாலிட்டி கன்ட்ரோல்’. தடித்த புத்தகம், கட்டுப்பாட்டு வரைபடங்கள், செயன்முறைத் திறன், மாதிரி எடுத்துச் சோதித்தல் ஆகிய பகுதிகள் மட்டும் போதும். காசு இல்லையென்றால் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் வெளியிட்ட புள்ளிவிபரக் கையேடு இணையத்தில் முழுவதும் இலவசம். தரம் பற்றி எழுதிய மற்றக் குருமார்களான ஜூரான், கிரொஸ்பி இருவரையும் பரீட்சைக்குத் தேவையான அளவு பாடநூலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தேயிலை, மரக்கறி, பேக்கரி என்று உணவுத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. இந்தக் குருமார்கள் எல்லோரையும் விட உங்களுக்கு உடனடியாக உதவப்போவது ஒரு இலவச ஆவணம். உணவுச் சுகாதாரத்தின் பொதுக் கோட்பாடுகள் பற்றி சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1969-இல் ஏற்றுக்கொண்டு 2020-இல் பெரிதாகத் திருத்தியது அது. உணவில் ஆபத்து வரக்கூடிய இடங்களை முன்கூட்டியே கண்டு கட்டுப்படுத்தும் ஹசப் முறையின் ஏழு கோட்பாடுகளும் அதில் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 22000 சான்றிதழுக்குத் தயாராகும் தொழிற்சாலையில் ஓடிற்றர் கேட்கும் கேள்விகளின் வேர் அதில்தான். உங்கள் தாளில் ஒவ்வொரு பெட்டிக்கும் எதிரே இங்கே என்ன ஆபத்து என்று எழுதிப் பாருங்கள். சலிப்புப் பகுதியில் இரும்புத் துகளைப் பிடிக்கிற காந்தம் ஏன் வைத்திருக்கிறார்கள், அதை யார் எப்போது துடைக்கிறார், எங்கே பதிகிறார் என்று கேட்கத் தொடங்கினாலே பாதிப் பாடம் முடிந்தது. கறுப்புத் தேயிலைக்கு ஐஎஸ்ஓ 3720 என்ற தரநிலையும் உண்டு, நீரில் கரையும் சாரம் குறைந்தது 32 சதவீதம் என்பது மாதிரியான எல்லைகள் அதில் இருக்கும். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 5: டொயோட்டா, அளவோடு

தாயிச்சி ஓனோவின் ‘டொயோட்டா புரடக்ஷன் சிஸ்டம்’ ஜப்பானிய மொழியில் 1978-இலும் ஆங்கிலத்தில் 1988-இலும் வந்தது. சின்னப் புத்தகம், செய்தவரே எழுதியது, அது ஒன்றே போதும். ஜெஃப்ரி லைக்கரின் ‘த டொயோட்டா வே’ இன்னும் விரிவாக விளக்கும், நூலகத்தில் கிடைத்தால் எடுங்கள். இதே விரயம் குறைக்கும் முறையை லீன் என்ற பெயரில் சொல்லி வந்து குவிகிற மற்றவற்றை விட்டுவிடலாம்.

ஓனோவின் ஏழு விரயங்களில் அதிக உற்பத்தி மிகப் பெரியது என்பார், தேவைப்படுவதை மட்டும் செய் என்பார். இங்கே தொடக்கத்தில் எழுதச் சொன்ன பென்சில் கேள்விகளை எடுங்கள். வரத்து நம் கையில் இல்லாத இடத்தில் இந்த அறிவுரை நேரடியாக ஓடாது. ஆனால் காத்திருப்பு, தேவையில்லாத தூக்கல் இறக்கல், பிழையான சரக்கு என்ற மூன்றும் அப்படியே பொருந்தும். சாக்கைத் தரையில் போட்டு, தூக்கி, லொறியில் போட்டு, திரும்ப இறக்கி, ஒவ்வொரு முறையும் கொழுந்து நசுங்குகிறது. கரட்டும் அப்படித்தான்.

படி 6: வழங்கல் சங்கிலி

சுனில் சொப்ராவின் ‘சப்ளை செயின் மெனேஜ்மென்ட்’, பழைய பதிப்புகளில் பீட்டர் மைன்டலும் சேர்ந்து எழுதியது. பழைய பதிப்பு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், அடிப்படை மாறவில்லை. முதல் மூன்று அத்தியாயத்தை வரி வரியாக வாசியுங்கள். வசதிகள், இருப்பு, போக்குவரத்து, தகவல், கொள்வனவு, விலை என்று ஆறு இயக்கிகளைக் காட்டுவார், அந்த ஆறையும் உங்கள் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதோடு சேர்த்து 1997-இல் ஹாவ் லீயும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய சாட்டை விளைவுக் கட்டுரை. கடைக்காரரிடம் சின்னதாக ஆடுகிற தேவை, பின்னால் போகப்போக உற்பத்தியாளரிடம் பெரிதாக ஆடுவது ஏன் என்று நாலு காரணம் சொல்கிறார்கள். நாலாவது காரணம், பங்கீடு வரும் என்று தெரிந்தால் எல்லோரும் தேவைக்கு மேல் கேட்பார்கள் என்பது. 2022-இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அரை டாங்கி இருந்தவரும் வரிசைக்குப் போனார், கேன் வைத்திருந்தவரும் போனார், எவ்வளவு தேவை என்பது யாருக்குமே தெரியாமல் போனது. அந்த ஜூலையில் வந்த கியூஆர் பங்கு முறை ஏன் வரிசையைக் குறைத்தது என்று அந்தக் கட்டுரையின் மொழியில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், அதை விட நல்ல ஒப்படை கிடைக்காது.

கடைக்காரர் முதல் உற்பத்தியாளர் வரை ஆளுக்கொரு இடத்தில் இருந்து ஓடர் போட்டு விளையாடுகிற, 1960-களில் எம்ஐடியில் உருவான பீர் விளையாட்டைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். பீட்டர் செங்கேயின் ‘த ஃபிஃப்த் டிசிப்ளின்’ புத்தகத்தில் அதற்கு ஒரு முழு அத்தியாயம். நாலு பேர் சேர்ந்தால் கடதாசியிலேயே விளையாடலாம், பீருக்குப் பதிலாகப் பால்மா என்று வைத்துக்கொண்டால் வீட்டிலும் ஆட்சேபணை இருக்காது. அதில் பிடிபடுவது தாமதம். நம் தொழிலில் அது நன்றாகவே தெரியும்: இன்று செய்த தூளின் விலை சில வாரம் கழித்துத்தான் வருகிறது, அதற்குள் அதே மாதிரித் தூளை மூட்டை மூட்டையாகச் செய்து முடித்திருப்பார்கள். 1883-இல் தொடங்கிய கொழும்பு ஏலம் 2020-இல் இணையத்துக்கு மாறியது. மாதிரி போய், ருசி பார்த்து, பட்டியல் அடித்து ஏலத்துக்கு வருகிற கால இடைவெளி அதனால் ஒழிந்துவிடவில்லை.

ஓய்வாக வாசிக்க மார்க் லெவின்சனின் ‘த பொக்ஸ்’. கொள்கலனின் வரலாறு. 1956-இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் போனதில் தொடங்குகிறது. ஈயத்தாள் வைத்த மரப்பெட்டியில் தேயிலை போன காலத்தைத் தாத்தாமாரிடம் கேட்டுவிட்டு இதை வாசித்தால் தனிச் சுவை. எம்ஐடியின் வழங்கல் சங்கிலிப் பாடங்கள் எட்எக்ஸ் தளத்தில் இருக்கின்றன. சான்றிதழுக்குக் காசு, பார்ப்பதற்கு வேண்டாம்.

படி 7: கெட்டுப்போகும் பொருளுக்கான கணக்கு

ஆரம்பத்தில் சொன்ன குறையை நிரப்புகிற படி இது. ஸ்டீவன் நாமியாஸ் எழுதிய ‘புரடக்ஷன் அண்ட் ஒபரேஷன்ஸ் அனாலிசிஸ்’. கெட்டுப்போகும் இருப்பு பற்றி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், இரத்த வங்கிக் கணக்கெல்லாம் அந்த ஆராய்ச்சியில் வரும். புத்தகம் கணிதக் கனமுள்ளது, ஆகவே கடைசியில் வைத்தேன். பத்திரிகை விற்பவர் கணக்கு என்ற பகுதியை மட்டுமாவது செய்யுங்கள்.

ஒரு கிலோ கரட் 150 ரூபாய்க்கு வாங்கி 250-க்கு விற்கிறீர்கள், மிஞ்சியதை மாலையில் 100-க்குத் தள்ளிவிடுவீர்கள். குறைவாக வாங்கினால் கிலோவுக்கு 100 ரூபாய் லாபம் போகும், கூட வாங்கினால் 50 ரூபாய் நட்டம். 100-ஐ 150-ஆல் வகுத்தால் 0.67. அதாவது மூன்று நாளில் இரண்டு நாள் தேவையைப் பூர்த்திசெய்கிற அளவு வாங்குங்கள், மூன்றாவது நாள் கேட்டு வருகிறவருக்கு இல்லை என்று சொல்லத் தயங்காதீர்கள். மிஞ்சியதைக் குப்பையில்தான் போட வேண்டும் என்றால் விகிதம் 0.4-க்கு இறங்கும், வாங்கும் அளவும் இறங்க வேண்டும். இதைக் கடைக்காரர்கள் அனுபவத்தில் செய்கிறார்கள்தான், ஆனால் விலை திடீரென்று இரண்டு மடங்காகும் வாரத்தில் அனுபவம் தடுமாறும், கணக்குத் தடுமாறாது.

மரக்கறிக்காரர்கள் இதோடு லிசா கிட்டினோஜா, அடெல் கேடர் எழுதிய சிறு அளவிலான அறுவடைக்குப் பிந்திய கையாளல் பற்றிய கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் வெளியிட்டது, இலவசம், படங்கள் நிறைய. சாக்குக்குப் பதிலாகப் பெட்டி, வெயிலுக்கு நிழல், கழுவுகிற தண்ணீரின் சுத்தம் என்று காசு குறைந்த வழிகளைக் காட்டும். தேயிலைக்காரர்களுக்குத் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்களுடைய ஆலோசனைச் சுற்றறிக்கைகளையும், கீகல் எழுதிய பழைய தேயிலைத் தயாரிப்பு நூலையும் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குவது, கால அளவு

வெளிநாட்டுப் பதிப்பின் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பியர்சன், மெக்ரோ ஹில், வைலி ஆகியவற்றின் இந்தியப் பதிப்புகள் மிகக் குறைந்த விலை, கொழும்பில் பெரிய கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கொழும்புக்குப் போகிறவர் யாராவது இருந்தால் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் ஒரு சுற்றுப் போடச் சொல்லுங்கள், இரண்டு பதிப்புப் பழசான பாடநூல் அங்கே அகப்படும். திறந்த பல்கலைக்கழகத்துக்கு ஹட்டனிலும் பதுளையிலும் நிலையங்கள் உண்டு, அங்கே பதிந்து படிக்கிறவர்கள் முதலில் அதன் நூலக வசதியைக் கேட்டுப் பார்க்கலாம். திருட்டு பிடிஎஃப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் 800 பக்கத்தைக் கைப்பேசித் திரையில் வாசித்து முடித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

வேலைக்கும் போய்க்கொண்டு வாசிப்பவருக்கு முழுப் பயணமும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கொழுந்து குவியும் மாதங்களில் பாடநூலைத் தொடாதீர்கள், அந்த நேரத்தில் தாளில் எண்களைக் குறித்து வையுங்கள். வேலை தணிகிற மாதங்களில் அந்த எண்களோடு மொன்ட்கொமரியும் நாமியாஸும் எடுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கிறது என்றால், தொழிற்சாலையில் இருப்பவர் வீலரை வாங்கட்டும், மாணவர் ஹைசர் - ரென்டரின் இந்தியப் பதிப்பை வாங்கட்டும், லொறி வைத்திருப்பவர் சொப்ராவின் பழைய பதிப்பொன்றைத் தேடட்டும். இதில் எந்த வகையும் இல்லை, சும்மா ஆர்வம் என்பவருக்கு ‘தி கோல்’. அதையும் மூன்று நாலு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வாசிக்கலாம்.